பனிக்குகையில் கீறிய கோடு

2020 ஆம் ஆண்டு மார்ச் 20 ஆம் திகதி மாலை ஆறு மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது எமது வீட்டில் நால்வர் இருந்தோம். யுத்த காலத்து ஊரடங்குகளுக்குப் பழகிய எனக்கு அது ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. மூன்றாவது வாரத்தில்தான் ஒரு விடயம் உறைத்தது. அரிசி, பருப்பு, மின்சாரம் எல்லாம் இருந்தன. குண்டுச் சத்தம் இல்லை. இருந்தும், மகன் கதிரையை இழுத்த சத்தத்துக்கு நான் எரிந்து விழுந்தேன். எழுதும்போது பேனையால் மேசையைத் தட்டுவது எனது நெடுநாட் பழக்கம். இருபத்தைந்து வருடங்களாக அதைப்பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாத மனைவி, அன்று சொன்னார்.

அந்த நாட்களில்தான் றேமண்ட் பிரீஸ்ட்லி என்ற புவியியலாளர் 1914 இல் வெளியிட்ட பழைய நூலொன்றை வாசித்தேன். தென்துருவப் பயணத்தில் உயிர்நீத்த கப்டன் ஸ்கொட்டின் கதையை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அதே பயணத்தில் ஸ்கொட்டால் வேறு திசைக்கு அனுப்பப்பட்ட ஆறு பேர் கொண்ட சிறு அணியொன்றின் கதை அந்நூல். ஸ்கொட்டின் மரணச் செய்தி அவர்களுடைய கதையை மூடிவிட்டது. எனினும், மனிதர் ஒரு சிறிய இடத்தில் நீண்ட காலம் அடைபட்டிருப்பது எப்படி என்ற கேள்விக்கு, நான் அறிந்தவரையில் அந்த அறுவரே சிறந்த விடையைத் தந்திருக்கிறார்கள். அதைச் சொல்வதற்கு முன், அவர்களுக்குப் பதினான்கு ஆண்டுகள் முந்திய ஒரு கப்பலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பெல்ஜிக்காவின் நீண்ட இரவு

1897 ஆகஸ்ட் 16 ஆம் திகதி பெல்ஜியத்தின் அன்ட்வெர்ப் துறைமுகத்திலிருந்து 'பெல்ஜிக்கா' என்ற கப்பல் புறப்பட்டது. தலைவர் ஏட்ரியன் டி ஜெர்லாஷ். பின்னாளில் தென்துருவத்தை முதலில் அடைந்து புகழ்பெற்ற நோர்வேக்காரர் றோல்ட் அமுண்ட்சன் அதில் ஓர் அதிகாரி. கப்பல் வைத்தியர் பிரெட்ரிக் குக் ஓர் அமெரிக்கர். பெல்ஜியர், நோர்வேயர், போலந்துக்காரர், ருமேனியர் எனப் பல நாட்டவர் கப்பலில் இருந்தனர். எல்லோருக்கும் பொதுவான மொழி ஒன்று இருக்கவில்லை.

1898 மார்ச் மாதத் தொடக்கத்தில் கப்பல் அந்தாட்டிக்காவின் கடற்பனிக்குள் சிக்கியது. கோடை முடியும் வேளையில் பனிக்குள் நுழைவதைக் கப்பலிலிருந்த விஞ்ஞானிகள் விரும்பவில்லை. தலைவர் நுழைந்தார். எனவே அந்தப் பதினெட்டுப் பேரும் தாம் ஒப்புக்கொள்ளாத ஒரு சிறைக்குள் அடைபட்டவர்களாகவே தம்மைக் கருதியிருப்பர். எல்லோருக்கும் போதிய குளிராடைகூட இருக்கவில்லை. மே மாத நடுப்பகுதியில் சூரியன் மறைந்தது. ஏறத்தாழ எழுபது நாட்கள் அது மீண்டும் உதிக்கவில்லை.

அந்த எழுபது நாட்களில் நடந்தவற்றை வைத்தியர் குக் பின்னர் ஒரு நூலாக எழுதினார். உடல்கள் வீங்கின, நாடித்துடிப்பு ஒழுங்கு தவறியது, நித்திரை போயிற்று. ஜூன் 5 ஆம் திகதி எமில் டங்கோ என்ற இளம் விஞ்ஞானி இதயநோயால் இறந்தார். தலைவரும் உபதலைவரும் தம் மரணசாசனங்களை எழுதிவைத்தனர். தோழர்கள் தன்னைக் கொல்லச் சதி செய்கிறார்கள் என்று ஒரு மாலுமி நம்பத் தொடங்கினார். அவர் ஊர் திரும்பிய பின்னரும் குணமடையவில்லை. கப்பலைச் சுற்றிப் பனியில் நடக்கும் பாதைக்கு அவர்களே 'பைத்தியர் விடுதி உலா' என்று பெயரிட்டிருந்தார்கள். இருளும் ஒரேவிதமான உணவும் சலித்ததைப் போலவே, ஒருவருக்கொருவர் முகமும் சலித்துவிட்டது என்று குக் எழுதினார்.

அவர் கையாண்ட வைத்தியம் இரண்டு. தகரத்தில் அடைத்த உணவை விடுத்து, பென்குயின், கடல்நாய் ஆகியவற்றின் பச்சை இறைச்சியை அரைவேக்காட்டில் உண்ணச் செய்தார். அதன் சுவையை வெறுத்த தலைவர் நீண்ட காலம் மறுத்தார். சாவின் விளிம்பில்தான் இணங்கினார். இரண்டாவது, நோயாளிகளை ஆடை களைந்து அடுப்புத் தீயின் முன் வெளிச்சம் படும்படி நிறுத்துவது. விற்றமின் சி கண்டறியப்படுவதற்கு மூன்று தசாப்தங்களுக்கு முன், பனிப்பிரதேச நாடுகளில் இன்று குளிர்காலச் சோர்வுக்கு ஒளிச் சிகிச்சை அளிக்கப்படுவதற்கு வெகுகாலத்துக்கு முன், குக் கண்டுகொண்ட வழிகள் இவை. பெல்ஜிக்கா 1899 மார்ச் 14 ஆம் திகதி பனியிலிருந்து விடுபட்டது. மனம் உடைவதென்பது பலவேளை உடல் உடைவதன் மறுபெயர் என்பதே அப்பயணத்தின் முதற் பாடம்.

அமுண்ட்சன் அந்தப் பாடத்தை மறக்கவில்லை. 1911 இல் தென்துருவத்துக்குப் போகுமுன் தமது அணியினருடன் பனியில் ஒரு குளிர்காலத்தைக் கழித்தபோது, வெளியிலுள்ள வெப்பநிலையைச் சரியாக ஊகிப்பவருக்குப் பரிசு என்று ஒரு போட்டி வைத்தார். ஊகிக்க வேண்டுமானால் காலையில் குடிலைவிட்டு வெளியே போக வேண்டும். உம்மென்று எழுந்த மனிதர் ஒரு மூச்சுக் குளிர்காற்றுக்குப் பின் முகம் மாறித்தான் காலையுணவுக்கு அமர்வார்.

ஆறு பேர், ஒரு குகை

இப்போது பிரீஸ்ட்லியின் அறுவருக்கு வருவோம். கடற்படை லெப்டினன்ட் விக்டர் கம்பெல் தலைவர். ஜோர்ஜ் மரே லெவிக் வைத்தியர். பிரீஸ்ட்லி விஞ்ஞானி. அபொட், பிரவுணிங், டிக்கசன் ஆகிய மூவரும் கடற்படையின் கீழ்த்தளத்து மாலுமிகள். 1912 ஜனவரியில் 'டெரா நோவா' கப்பல் இவர்களை அந்தாட்டிக்கக் கரையொன்றில் இறக்கிவிட்டது. சில வாரங்களில் திரும்பி வந்து ஏற்றிச் செல்வதாக ஏற்பாடு. கைவசம் இருந்தது ஏறத்தாழ ஆறு வாரத்துக்கான பயண உணவும் கோடைக்கால உடைகளும் மட்டுமே. பெப்ரவரியில் கப்பல் வந்தது. ஆனால் இடையில் கிடந்த கடற்பனியை ஊடறுக்க முடியாமல் திரும்பிப்போயிற்று. கரையில் இருந்தவர்களுக்கு அது தெரியாது. வரும் வரும் என்று காத்திருந்தார்கள்.

மார்ச் மாதத்தில் இனி வராது என்பது புலனாகியது. கூடாரங்கள் காற்றில் கிழியத் தொடங்கின. கெட்டியாகிக் கிடந்த ஒரு பனிமேட்டைக் குடைந்து குகையொன்று செய்தார்கள். நீளம் சுமார் 12 அடி, அகலம் 9 அடி, உயரம் ஐந்தரை அடி. நிமிர்ந்து நிற்க முடியாத அந்த அறையில் அறுவரும் செப்டெம்பர் இறுதிவரை வாழ்ந்தார்கள். கடல்நாய்க் கொழுப்பை எரித்துச் சமைத்தார்கள். அதே கொழுப்பில் திரிபோட்டு விளக்கெரித்தார்கள். புகைக்கரி முகத்திலும் உடையிலும் நூலின் பக்கங்களிலும் படிந்தது. அந்த விளக்கைப் பற்றிய விவரத்தை வாசித்தபோது சற்று நிறுத்திவிட்டேன். 1990 களின் யாழ்ப்பாணத்தில், ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, சொட்டு மண்ணெண்ணெயில் திரி எரித்துப் படித்த தலைமுறையினருக்கு அந்த வெளிச்சத்தின் அளவு தெரியும்.

உணவுக்குப் பொறுப்பாக இருந்தவர் பிரீஸ்ட்லி. இருந்த இனிப்பை அவர் பங்கிட்ட முறை கவனிக்கத்தக்கது. தினமும் துளித்துளியாகக் கொடுத்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆளுக்குப் பன்னிரண்டு சீனிக்கட்டிகள். மாதத்தின் கடைசி நாளில் ஆளுக்கு இருபத்தைந்து முந்திரிகை வற்றல். இருளில் திங்களும் செவ்வாயும் ஒன்றாகிவிடும்போது, சீனிக்கட்டி ஞாயிற்றுக்கிழமையைத் தனியாகப் பிரித்துக் காட்டியது. இரவில் லெவிக் உரத்து வாசிப்பார். ஓர் இரவுக்கு ஓர் அத்தியாயம். டிக்கன்ஸின் 'டேவிட் கொப்பர்ஃபீல்ட்' பல வாரங்கள் ஓடியது. ஞாயிறுகளில் கம்பெல் வேதாகமம் வாசிக்க, நினைவிலிருந்த கீர்த்தனைகளை எல்லோரும் பாடினர். அத்தியாயத்தை முடித்தபின் 'இன்னும் கொஞ்சம்' என்று நீடிக்காததில்தான் அந்த முறையின் நுட்பம் இருக்கிறது. நாளைக்கென்று ஒன்று மீதமிருந்தது.

ஒருமுறை, கொன்ற கடல்நாயொன்றின் வயிற்றில் உண்ணத்தக்க நிலையில் முப்பத்தாறு மீன்கள் கிடைத்தன. அதன்பின் ஒவ்வொரு கடல்நாயின் வயிற்றையும் ஆவலோடு கிழித்துப் பார்த்தார்கள். குளிர்காலம் முழுவதற்கும் பேசுவதற்கு அது போதுமானதாயிருந்தது.

குதியால் கீறிய கோடு

நான் எழுத வந்த விடயம் இனித்தான் வருகிறது. குகையில் குடியேறியதும் கம்பெல் தமது சப்பாத்துக் குதியால் தரையின் குறுக்கே ஒரு கோடு கீறினார். ஒரு பக்கம் அதிகாரிகளின் தளம். மறுபக்கம் மாலுமிகளின் தளம். பின்னர் ஒரு விதி சொன்னார். கோட்டின் இந்தப் பக்கம் பேசப்படுவது எதுவும் அந்தப் பக்கத்தவரின் காதில் விழுந்ததாகக் கொள்ளப்பட மாட்டாது. அந்தப் பக்கத்துப் பேச்சுக்கும் அதுவே விதி.

ஒன்பது அடி அகலமான குகையில் ஒருவர் முணுமுணுத்தாலும் ஆறு பேருக்கும் கேட்கும். கேட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆயினும் கேட்கவில்லை என்று ஆறு பேரும் ஒப்புக்கொண்டார்கள்.

முதலில் வாசித்தபோது எனக்கு இது உவப்பாக இருக்கவில்லை. சாவின் வாசலிலும் மேலோர் கீழோர் என்று பார்க்கும் ஆங்கிலேய வர்க்க மனோபாவம் என்றே நினைத்தேன். கோடு என்றால் நமக்கு நல்ல நினைவுகள் இல்லை. கதாப்பிரசங்கங்களில் கேட்ட இலட்சுமணன் கோட்டை விட்டாலும், இந்த ஆள் இதற்கு மேல் வரக்கூடாது என்று கோயில் வாசலிலும் தேநீர்க்கடையிலும் கீறப்பட்ட கோடுகள் எங்கள் சமூகத்தின் வெட்கம். கம்பெலின் கோடும் அந்த வர்க்க ஒழுங்கிலிருந்து பிறந்ததே. அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் அந்தக் கோடு என்ன வேலை செய்தது என்று பார்க்க வேண்டும். அதிகாரியைத் திட்டித் தீர்க்க வேண்டுமென்று மாலுமி ஒருவருக்குத் தோன்றினால், மூன்றடி தூரத்தில் அந்த அதிகாரி படுத்திருக்கும்போதே அவர் திட்டலாம். அது ஒழுங்கு மீறலாகாது. அதிகாரிகள் தம் அச்சங்களை, உணவு எத்தனை நாளைக்குக் காணும் என்ற கணக்கை, மாலுமிகளின் காதுபடப் பேசலாம். அது அதைரியமூட்டலாகாது. கல்லும் மரமும் இல்லாத இடத்தில் கம்பெல் ஒரு சுவர் கட்டினார். அந்தச் சுவர் ஒருவரையும் வெளியே தள்ளவில்லை. இரு பக்கத்தாருக்கும் தமக்கென்று ஓர் உள்ளிடத்தைக் கொடுத்தது. பெல்ஜிக்காவில் அறைகள் இருந்தன, கதவுகள் இருந்தன. இந்த உடன்பாடு இருக்கவில்லை. ஒரு சிற்றிடத்தில் மனிதர் சேர்ந்து வாழ வேண்டுமானால் அவர்களுக்கிடையே முதலில் ஒரு தூரத்தை உண்டாக்க வேண்டும் என்பதே அவ்விரு கதைகளையும் அருகருகே வைத்தபோது எனக்குக் கிடைத்த விளக்கம்.

1912 செப்டெம்பர் 30 ஆம் திகதி அவர்கள் குகையைவிட்டுப் புறப்பட்டார்கள். வயிற்றோட்டத்தால் பிரவுணிங் நடக்கவும் இயலாதவராக இருந்தார். ஐந்து வாரங்களுக்கு மேலாகப் பனியில் நடந்து நவம்பர் முதல் வாரத்தில் தலைமை முகாமை அடைந்தபோது, ஸ்கொட்டும் நால்வரும் துருவத்திலிருந்து திரும்பவில்லை என்ற செய்தி காத்திருந்தது. அவர்களைத் தேடி ஓர் அணி ஏற்கெனவே போயிருந்தது. குகையிலிருந்து அறுவரும் உயிருடன் வந்தார்கள். எல்லோரும் முழுமையாக வந்தார்கள் என்று சொல்ல முடியாது. அபொட் பின்னர் மனநலம் பாதிக்கப்பட்டார். குகைக்குள் கட்டிக்காத்த மனம் வெளியே வந்தபின் தளர்வதுண்டு. யுத்தம் முடிந்தபின் நோயாளியான பலரை நாம் அறிவோம்.

பாறைக்குள் அடைபட இருந்தவர்கள்

இந்தக் கதைக்கு அதிகம் பேசப்படாத ஒரு பின்னிணைப்பு உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தில், ஜிப்ரோல்டர் ஜேர்மனியர் கையில் விழக்கூடும் என்று பிரித்தானியக் கடற்படைப் புலனாய்வுப் பிரிவு அஞ்சியது. அப்படி விழுந்தால், ஜிப்ரோல்டர்ப் பாறைக்குள் ஓர் இரகசிய அறையில் ஆறு பேரை அடைத்து வாயிலை மூடிவிடுவது என்று 1941 இல் திட்டமிட்டார்கள். சிறு துவாரங்களால் கடலைக் கண்காணித்து, எதிரிக் கப்பல்களின் நடமாட்டத்தை வானொலித் தந்தியில் அறிவிப்பது அவர்கள் வேலை. குறைந்தது ஓர் ஆண்டு உள்ளே இருக்க வேண்டும். 'ட்ரேசர்' என்பது திட்டத்தின் இரகசியப் பெயர்.

இதில் ஆலோசனை கூறுவதற்கு அவர்கள் தேடிப்பிடித்தது பனிக்குகை வைத்தியர் லெவிக்கை. அப்போது அவர் அறுபத்தைந்து வயதளவில் இருந்தார். உணவு, உடற்பயிற்சி, காற்றோட்டம், மது, புகையிலை, பொழுதுபோக்கு, இறந்தவரின் உடலை என்ன செய்வது என்பதுவரை கவனிக்கப்பட்டது. மின்சாரத்துக்குச் சைக்கிள் மிதி இயந்திரம் வைத்தார்கள். அது உடற்பயிற்சிக்கும் உதவும். காலடி ஓசை வெளியே கேட்காதிருக்கத் தரைக்குத் தக்கை பதித்தார்கள். ஆறு பேரில் இருவர் வைத்தியர்கள். ஜேர்மனியர் வரவில்லை. 1943 இல் திட்டம் கைவிடப்பட்டது. அந்த அறை 1997 இல்தான் குகை ஆர்வலர்களால் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது.

செவ்வாய்க் கிரகப் பயணத்துக்கு ஒத்திகையாக மொஸ்கோவில் 2010 ஜூன் முதல் 2011 நவம்பர் வரை நடந்த பரிசோதனையிலும் ஆறு பேர்தாம். 520 நாட்கள் மூடிய கூடமொன்றில் வாழ்ந்தார்கள். உணவுக்குக் குறைவில்லை, உயிராபத்தும் இல்லை. ஆனாலும் நாள் செல்லச்செல்ல அசைவு குறைந்து படுக்கையில் கழியும் நேரம் கூடியது. ஒருவருடைய உடல் இருபத்துநான்கு மணிநேர நாளையே தவறவிட்டது. உளவியற் பாதிப்பு எதுவும் தெரியாதவர்கள் இருவர் மட்டுமே. தமக்குள் ஏற்பட்ட பிணக்குகளைவிட வெளியே இருந்த கட்டுப்பாட்டு நிலையத்தோடு ஏற்பட்ட பிணக்குகளை அவர்கள் ஐந்து மடங்கு அதிகமாகப் பதிவு செய்திருந்தார்கள். பக்கத்தில் இருப்பவன் மீது எழும் கோபத்தைத் தூரத்தில் இருப்பவன் மீது இறக்கிவைப்பதும் ஒருவகையில் கோடு கீறுவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் பங்கர்

1990 ஜூன் மாதம் யுத்தம் மீண்டும் மூண்டபோது எனக்கு இருபது வயது. எங்கள் வளவில் பதுங்குகுழி ஒன்று வெட்டினோம். பங்கர் என்றுதான் எல்லோரும் சொல்வோம். மேலே பனங்குற்றிகள், அதன்மேல் மண்மூடைகள். மூன்று குடும்பங்கள், பதினொரு பேர். பொம்பர் வந்தால் அரைமணி நேரம். சில நாட்களில் காலை முதல் மாலை வரை. அயல்வீட்டு மாஸ்டரும் எனது அப்பாவும் இருபது வருடங்களாக முந்நூற்று நான்கு விளையாட்டில் ஒரே பக்கத்து ஆட்கள். மாஸ்டருக்கு மூக்குத்தூள் பழக்கம். பங்கருக்குள் இருக்கும்போதெல்லாம் அந்தத் தகர டப்பியை விரலால் தட்டிக்கொண்டே இருப்பார். தூள் எடுப்பதில்லை, தட்டுவது மட்டும்.

ஒரு நாள் அப்பா கத்தினார். "அந்தத் தட்டுறதை நிப்பாட்டும் காணும் மாஸ்டர்! குண்டாலை சாகாட்டிலும் நான் உம்மாலை செத்துப்போவன்!"

மாஸ்டர் டப்பியை மடிக்குள் வைத்தார். அடுத்த வாரம் தமது வளவில் தனியாக ஒரு பங்கர் வெட்டினார். பிறகு இருவரும் பேசவில்லை. 1995 ஒக்டோபரில் இடம்பெயர்ந்தபோது சனத்தோடு சனமாக ஒரே வீதியில் போனோம், அன்றும் பேசவில்லை. 1998 இல் அப்பா இறந்தபோது மாஸ்டர் செத்தவீட்டுக்கு வரவில்லை. குண்டு எங்கள் இரு வீடுகளிலும் விழவில்லை. இழந்தது இந்த நட்பை மட்டும்தான். இளமையில் எனக்கு அது அற்பமான சண்டையாகவே தெரிந்தது.

2011 இல் கொழும்பில் ஒரு கலியாணவீட்டில் மாஸ்டரைக் கண்டேன். எண்பது கடந்திருந்தார். என்னை அடையாளங்கண்டு கையைப் பிடித்துக்கொண்டார். டப்பியைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"தம்பி, ஹெலி சுத்தேக்கை எனக்குக் கை நடுங்கும். சின்னப்பிள்ளையள் பாத்துப் பயந்திடுங்கள் எண்டுதான் தட்டினனான். தட்டினால் நடுங்கிறது தெரியாது. உங்கட அப்பாவுக்கு அது விளங்கியிருக்கும் எண்டு நினைச்சன்."

அப்பாவுக்கு விளங்கியிருக்கவில்லை. இருட்டில் பதினொரு பேருக்கும் கேட்டது அந்தச் சத்தம் மட்டும்தான். ஊரடங்கில் மனைவி எனது பேனையைப் பற்றிச் சொன்ன அன்று, நான் பேனையை மேசையில் வைத்துவிட்டு, அது ஏன் என்று அவரிடம் சொன்னேன். அதன்பின் காலை ஒன்பது மணி முதல் நண்பகல் வரை பின்விறாந்தை எனக்கென்று ஒதுக்கப்பட்டது. அங்கே நான் எவ்வளவு தட்டினாலும் வீட்டுக்குள் கேட்பதில்லை என்று நால்வரும் ஒப்புக்கொண்டோம்.